ஒரு பாடம் போனால் ஓர் ஆண்டு: புள்ளியியல் பட்டப்படிப்பைத் திட்டமிடும் முறை

புள்ளியியல் பட்டப்படிப்பில் முக்கியமான பாடங்களில் பல, ஆண்டுக்கு ஒரு தடவைதான் நடத்தப்படும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் படித்துத் தேறியிருக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஆளைக் கவிழ்க்கின்றன. இரண்டாம் செமஸ்டரில் இரண்டாம் நுண்கணிதத்தில் தோற்றவர், அதை நான்காம் செமஸ்டரில்தான் திரும்ப எடுக்க முடியும். அதுவரை பலமாறி நுண்கணிதம் எடுக்க முடியாது. அது ஐந்தாம் செமஸ்டருக்குப் போகும். அதை நம்பியிருக்கும் கணிதப் புள்ளியியல் நான்கிலிருந்து ஆறுக்குத் தள்ளிப்போகும். எல்லாப் பாடமும் முடித்தவர்தான் தொழிற்பயிற்சிக்குப் போகலாம் என்று விதி இருந்தால், எட்டில் முடிய வேண்டிய படிப்பு பத்தாம் செமஸ்டருக்கு இழுக்கும். பி.டி.பி.டி.என். எனும் அரசாங்க உயர்கல்விக் கடனோ முதலில் ஒப்புக்கொண்ட காலத்துக்குத்தான் வரும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் தாதிமை, ஆசிரியப் பயிற்சி, பொறியியல் என்றால் வழி சொல்ல நாலு பேர் இருப்பார்கள். புள்ளியியலுக்கு அநேகமாக ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதனால் பிள்ளைகள் கூட்டாளி பதிகிற பாடத்தையே தாமும் பதிந்துவிடுகிறார்கள். அந்தக் கூட்டாளியின் படிப்புத் திட்டம் வேறாக இருக்கலாம் என்பது மூன்றாம் ஆண்டில்தான் தெரியவரும்.

நுழைவதற்கு முன்

ஆறாம் படிவத்துக்குப் போகிறவர்கள் அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வுக்குக் கணிதம் ‘டி’ (T) எடுங்கள். முதல் தவணையில் இயற்கணிதமும் வடிவியலும், இரண்டில் நுண்கணிதம், மூன்றில் புள்ளியியல் என்று அதன் வரிசையே பட்டப்படிப்பின் முதல் ஆண்டுக்கு முன்னோட்டம். ஓராண்டு மெட்ரிகுலேஷன் எனும் பல்கலைக்கழக முன்தயாரிப்புப் படிப்பு இதைவிடச் சீக்கிரம் முடியும். ஆனால் இரண்டே செமஸ்டரில் ஓடுவதால் தொகையீட்டில் (இன்டக்ரேஷன்) கை பழகாமலே பலர் பல்கலைக்கழகம் வந்து சேர்கிறார்கள். எந்த வழியாக வந்தாலும், ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் கூடுதல் கணிதத்தில் தட்டுத்தடுமாறியவர், மனம் தளராமல், நுழைவதற்கு முன் இருக்கும் மாதங்களைத் தொகையீட்டுக்குக் கொடுக்க வேண்டும். தேர்வு முடிந்து பல்கலைக்கழகம் திறக்கும்வரை கிடைக்கும் இடைவெளி நீளமானது. அதில் கடையில் வேலை பார்ப்பவர்கள்கூட நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

யு.பி.யு. எனும் பொது விண்ணப்ப முறை வழி அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் போகிறது. படிப்பின் பெயரை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள். ‘புள்ளியியல்’, ‘பயன்பாட்டுப் புள்ளியியல்’, ‘தொழில்துறைப் புள்ளியியல்’, ‘தரவு அறிவியல்’ எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும், உள்ளே இருப்பது வேறு வேறு. பாடப்பட்டியலை இறக்கி, கணிதப் புள்ளியியல் கட்டாயமா, எத்தனை கிரெடிட் என்று பாருங்கள். அது கட்டாயமில்லாத படிப்பில் மென்பொருள் அதிகம் இருக்கும். வேலைக்கு அது போதும், முதுகலைக்குப் போக நினைத்தால் இடிக்கும். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இத்துறை உண்டு. கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து கம்பார் சுமார் 70 கிலோமீட்டர். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், மாலை ஆறு மணிக்கு முடியும் கணினிக் கூட வகுப்பையும் ஈப்போவில் பேருந்து மாறும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும். முதலாண்டிலாவது அங்கேயே தங்குவது நல்லது.

சங்கிலி வரைவது

சேர்க்கைக் கடிதம் வந்ததும் உங்கள் நுழைவு ஆண்டுக்குரிய படிப்புக் கையேட்டை எடுங்கள். இதில் கவனம் வேண்டும். ஒரு மாணவருக்குப் பொருந்துவது அவர் நுழைந்த ஆண்டின் கையேடுதான். சீனியர் கொடுக்கும் பழைய கையேட்டில் பாடக் குறியீடும் கிரெடிட்டும் மாறியிருக்கலாம்.

ஒரு மணிலா அட்டை வாங்கி எட்டுப் பத்திகளாகக் கோடு போடுங்கள், ஒரு செமஸ்டருக்கு ஒரு பத்தி. ஒற்றைப்படைச் செமஸ்டருக்கு ஒரு நிறம், இரட்டைப்படைக்கு வேறு நிறம். பிறகு கடைசியிலிருந்து தொடங்குங்கள். தொழிற்பயிற்சியையும் இறுதித் திட்டக் கட்டுரையையும் வலது ஓரத்தில் எழுதுங்கள். அவற்றுக்கு என்ன முன்பாடம் வேண்டும் என்று கையேட்டில் பார்த்து இடப்பக்கம் எழுதி அம்புக்குறி போடுங்கள். அப்படியே பின்னோக்கி வாருங்கள். முன்னிருந்து தொடங்கினால் எல்லாப் பாடமும் ஒரே மதிப்புள்ளவையாகத் தோன்றும். பின்னிருந்து வந்தால்தான் எந்தப் பாடத்திலிருந்து ஐந்தாறு அம்புகள் கிளம்புகின்றன என்று கண்ணில் படும்.

அநேகமாக எல்லாக் கையேட்டிலும் நீளமான சங்கிலி இதுவாகத்தான் இருக்கும்: முதல் நுண்கணிதம், இரண்டாம் நுண்கணிதம், பலமாறி நுண்கணிதம், கணிதப் புள்ளியியல், பிறகு பேயீசியன் முறைகள் அல்லது பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரிகள். பக்கத்திலேயே இன்னொன்று ஓடும்: நேரியல் இயற்கணிதம், ரிக்ரஷன் (ஓர் அளவு மற்ற அளவுகளைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று கணிப்பது), பன்மாறிப் பகுப்பாய்வு. மூன்றாவது சிறியது: நிகழ்தகவு, அதிலிருந்து வாய்ப்பியல் செயல்முறைகள். இந்த மூன்றிலும் இருக்கும் பாடங்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். சிவப்பு வட்டமுள்ள பாடத்தை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடக் கூடாது. நேரம் மோதினால் விட்டுக்கொடுக்க வேண்டியது வட்டமில்லாத பாடத்தைத்தான்.

எதெல்லாம் வட்டமில்லாதவை? பெரும்பாலும் எம்.பி.யு. எனும், எல்லாத் துறை மாணவருக்கும் பொதுவான கட்டாயப் பாடங்கள், மொழிப் பாடம், புறப்பாடம். நன்னெறியும் நாகரிகமும், தத்துவமும் நடப்பு விவகாரங்களும் போன்ற இவை இரண்டு கிரெடிட் பாடங்கள். பல பல்கலைக்கழகங்களில் இரண்டு செமஸ்டரிலும் நடக்கும். முதலாண்டிலேயே எல்லாவற்றையும் முடித்து மூச்சுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் கருத்து அதற்கு நேர் எதிர். இவற்றைச் செமஸ்டருக்கு ஒன்றாகப் பரப்புங்கள். கணிதப் புள்ளியியலும் ரிக்ரஷனும் ஒன்றாக வரும் நான்காம் செமஸ்டரில் எழுத்து வேலை மட்டும் கேட்கும் ஒரு பாடம் பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல். முயெட் எனும் ஆங்கிலத் தேர்வில் நல்ல பேண்ட் (தரநிலை) எடுத்தவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்களில் ஆங்கிலப் பாடம் குறையும். அந்தக் காலியிடத்தையும் அட்டையில் குறித்துவையுங்கள்.

இன்னொரு கண்ணி. வணிகத் துறை, உயிரியல் துறை மாணவர்களுக்கென நடத்தப்படும் ‘அடிப்படைப் புள்ளியியல்’ பாடங்கள் சுலபமாக இருக்கும். புள்ளி ஏற்றிக்கொள்ளலாம் என்று அதை எடுத்தால், உங்கள் கட்டாயப் பாடத்தோடு உள்ளடக்கம் ஒன்றாக இருப்பதால் பட்டத்துக்கான கிரெடிட்டில் அது சேராமல் போகலாம். எதை எடுத்தால் எது சேராது என்ற குறிப்பு கையேட்டின் அடிக்குறிப்பில்தான் ஒளிந்திருக்கும்.

கிரெடிட் கணக்கு

மலேசியாவில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். வாரம் மூன்று மணி விரிவுரை என்று 14 வாரம் வைத்தால் 42 மணிதான் ஆகிறது. மீதி 78 மணியும் பயிற்சி வகுப்பு, வீட்டுவேலை, தேர்வுத் தயாரிப்பு. பதினைந்து கிரெடிட் எடுத்தால் 600 மணி. தேர்வு வாரங்களையும் சேர்த்து 18 வாரத்தில் பிரித்தால் வாரத்துக்கு 33 மணிக்கு மேல் வருகிறது. வார இறுதியில் பகுதிநேர வேலை பார்க்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் 15இல் நிற்பது உத்தமம். 18 கிரெடிட்டுக்கு மேல் போக அனுமதி கேட்பதெல்லாம் முதலாண்டில் வேண்டாம்.

மொத்தப் புள்ளி (சி.ஜி.பி.ஏ.) கிரெடிட்டைப் பொறுத்து எடைபோடப்படும் என்பதையும் மறக்காதீர்கள். நான்கு கிரெடிட் நுண்கணிதத்தில் 2.0, இரண்டு கிரெடிட் பாடத்தில் 4.0 என்றால் சராசரி 3.0 வராது. நான்கை இரண்டால் பெருக்க 8, இரண்டை நான்கால் பெருக்க 8, கூட்டி ஆறால் வகுக்க 2.67. சின்னப் பாடத்தில் எடுத்த ஏ, பெரிய பாடத்தில் விழுந்த ஓட்டையை அடைக்காது.

செமஸ்டர் வரிசை

கீழே சொல்வது ஒரு மாதிரி வரைவுதான். உங்கள் கையேடு வேறு சொன்னால் கையேடே சரி.

முதல் செமஸ்டரில் முதல் நுண்கணிதம், அறிமுகப் புள்ளியியல், கணமும் தர்க்கமும், கணினி நிரலாக்கம். இரண்டாவதில் இரண்டாம் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, ‘ஆர்’ (R) எனும் கணினி மொழியில் புள்ளியியல் கணிப்பு. மூன்றாவதில் பலமாறி நுண்கணிதம், நிகழ்தகவுப் பரவல்கள், மாதிரியெடுப்பு, தரவுத்தளம். நான்காவதில் கணிதப் புள்ளியியல், ரிக்ரஷன், பரவல்சாரா முறைகள். இதுதான் மலை. இதோடு கனமான விருப்பப் பாடம் எதையும் சேர்க்காதீர்கள். ஐந்தில் சோதனை வடிவமைப்பு, வாய்ப்பியல் செயல்முறைகள், பன்மாறிப் பகுப்பாய்வு. ஆறில் காலத்தொடர், வகைசார் தரவு, திட்டக் கட்டுரையின் முதல் பகுதி. ஏழில் கட்டுரையின் மீதி, இரண்டு மூன்று விருப்பப் பாடங்கள். எட்டில் தொழிற்பயிற்சி.

வாசல் கேள்விகள்

முன்பாடத்தில் சி எடுத்துத் தேறினாலும் பதிவு முறை உங்களை அடுத்த பாடத்துக்குள் விட்டுவிடும். நீங்கள் தயாரா என்று அது கேட்காது, நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று கணக்குகள் போதும். விடுமுறையில், புத்தகத்தைப் பார்க்காமல், தாளில் போட்டுப் பாருங்கள்.

நிகழ்தகவுக்கு முன்: ஒரு மாறியை, அதன் எதிர்ம இருமடங்கை அடுக்காகக் கொண்ட அடுக்குச் சார்போடு பெருக்கி (அதாவது x·e^(−2x)), பூஜ்யத்திலிருந்து முடிவிலிவரை தொகையிடுங்கள். விடை கால். பகுதிப் பகுதியாகத் தொகையிடும் முறை கையில் இருந்தால் ஐந்து நிமிடம். பத்து நிமிடம் தாண்டினால், சராசரி காணும் ஒவ்வொரு கணக்கிலும் திணறுவீர்கள். தொடர்ச்சியான பரவலுக்குச் சராசரி காண்பதே இந்த வேலைதான்.

கணிதப் புள்ளியியலுக்கு முன்: இரண்டு மாறிகள், இரண்டும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில், முதலாவது எப்போதும் இரண்டாவதைவிடச் சிறியது. அந்தப் பகுதியில் அடர்த்தி எங்கும் 2. மொத்த நிகழ்தகவு ஒன்று என்று காட்டுங்கள். படம் போடாமல் இரண்டு தொகையீட்டுக்கும் பூஜ்யம் முதல் ஒன்றுவரை எல்லை வைப்பவர்களுக்கு 2 என்று வரும். நிகழ்தகவு 2 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். படம் போட்டால் அது அரைச் சதுர அலகுள்ள முக்கோணம், அரையை இரண்டால் பெருக்கினால் ஒன்று. முடிந்தது. இந்தப் பாடத்தில் தோற்பவர்களுக்குப் புள்ளியியல் புரியாமல் இருப்பதைவிட எல்லை வைக்கத் தெரியாமல் இருப்பதே அதிகம்.

ரிக்ரஷனுக்கு முன்: இரண்டுக்கு இரண்டு அணி (மேட்ரிக்ஸ்) ஒன்றின் நேர்மாறைக் காணுங்கள், பிறகு எந்த அணிக்கு நேர்மாறு இல்லை என்று சொல்லுங்கள். தோட்டத்து உதாரணமே எடுக்கலாம். செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலையின் எடையை ஒரு பத்தியில் டன்னிலும் அடுத்த பத்தியில் கிலோவிலும் போட்டு இரண்டையும் ஒரே ரிக்ரஷன் சமன்பாட்டில் சேர்த்தால், ஒன்று மற்றொன்றின் ஆயிரம் மடங்கு. அணிக்கு நேர்மாறு கிடையாது, குணகத்தைக் கணிக்கவே முடியாது. ‘ஆர்’ மொழி சண்டைபோடாமல் ஒரு பத்தியை ஓசைப்படாமல் விட்டுவிட்டு அந்த இடத்தில் விடை இல்லை என்று காட்டும். கிட்டத்தட்ட ஒன்றுபோல உள்ள இரு பத்திகள்தான் அதைவிட ஆபத்து. விடை வரும், ஆனால் திட்டப் பிழை (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடும் என்ற அளவு) வீங்கிப்போய், உரம் போட்டால் விளைச்சல் குறையும் என்கிற மாதிரி குறி தலைகீழாகவும் வரலாம்.

பள்ளியில் கற்றதும் இங்கே நடப்பதும்

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் புத்தகத்துக்கு வருகிறவர்களுக்கு மூன்று மொழிக் கலைச்சொற்கள் தலையில் இருக்கும். அதில் சில இடங்களில் தடுக்கி விழுவது வழக்கம்.

மலாயில் ‘மின்’ என்றால் சராசரி. ‘ஆர்’ மொழியில் மின் என்று தட்டினால் மிகச் சிறிய எண் வரும். சராசரிக்கு ‘மீன்’ என்று தட்ட வேண்டும். இதில் மின்சாரமும் இல்லை, குழம்புக்குப் போகிற மீனும் இல்லை, ஆனால் முதல் மாதத்தில் இதில் தவறாதவர் குறைவு. ‘மோட்’ இன்னும் மோசம். பள்ளியில் அது முகடு, அதாவது அதிகம் தோன்றும் எண். ‘ஆர்’ மொழியில் அதே பெயருள்ள கட்டளை, தரவு எந்த வகையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும். முகடு வேண்டுமானால் அட்டவணை போட்டு நீங்களே எண்ண வேண்டும்.

மாறுபாட்டில் அடுத்த சிக்கல். எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் விலகல் வர்க்கங்களின் கூட்டலை மொத்த எண்ணிக்கையால் வகுத்தோம். மென்பொருள் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கும். 4, 6, 8, 10, 12 என்ற ஐந்து எண்களை எடுங்கள். சராசரி 8, வர்க்கங்களின் கூட்டல் 40. பள்ளி முறையில் மாறுபாடு 8, கணினியில் 10. இரண்டும் தவறில்லை. முழுத் தொகுதியும், அதாவது ஆராய வேண்டிய எல்லா எண்களும், கையில் இருந்தால் முதலாவது; மாதிரியை வைத்துத் தொகுதியை மதிப்பிடுகிறோம் என்றால் இரண்டாவது. மாதிரியின் சராசரியிலிருந்தே விலகலை அளப்பதால் அது உண்மையைவிடச் சிறிதாக வந்துவிடுகிறது, ஒன்றைக் குறைத்து வகுப்பது அதைச் சரிசெய்யத்தான்.

இயல்நிலைப் பரவல் அட்டவணையும் அப்படியே. எஸ்.பி.எம். அட்டவணை வலதுபக்க வால் பகுதியைத் தரும், 1.5க்கு 0.0668. பல்கலைக்கழகப் புத்தகங்கள் பலவும் மென்பொருளும் இடதுபக்கத்திலிருந்து சேர்த்துத் தரும், 0.9332. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அட்டவணையின் மேலே உள்ள சின்னப் படத்தில் எந்தப் பக்கம் கறுப்படித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கணினி

எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள, பழையதானாலும் ஓடக்கூடிய மடிக்கணினி இளங்கலைக்குப் போதும். கடன் வாங்கி விளையாட்டுக் கணினி எடுக்க அவசியமில்லை. ‘ஆர்’ இலவசம், ஆர்-ஸ்டூடியோவும் இலவசம், பைத்தானும் இலவசம். சாஸ் மென்பொருளை மாணவர்கள் இணையத்தில் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வழி இருக்கிறது. தோட்டத்தில் இணையம் மெதுவாக இருந்தால் பட்டணத்துக்கு வரும் நாளிலேயே தேவையான தொகுப்புகளை இறக்கிவையுங்கள். பயிற்சிக்குப் பாடப்புத்தகத்தில் வரும் சுத்தமான தரவை மட்டும் நம்பாதீர்கள். மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோஸ்எம் தளத்தில் எவரும் தரவை இறக்கலாம். 2022ஆம் ஆண்டு வீட்டு வருமானத்தின் இடைநிலை 6,338 ரிங்கிட், சராசரி 8,479 ரிங்கிட். இரண்டுக்கும் நடுவில் ஏன் இரண்டாயிரத்துக்கு மேல் இடைவெளி, எந்த எண்ணைச் சொன்னால் நம் லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) நிலைமைக்குக் கிட்டே வரும் என்று யோசிப்பது, பத்துச் சூத்திரம் மனப்பாடம் செய்வதற்குச் சமம்.

தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழியான எஸ்கியூஎல்லை எந்தச் செமஸ்டரில் கற்றாலும் சரி, தொழிற்பயிற்சிக்கு முன் கற்றிருக்க வேண்டும். அலுவலகத்தில் தரவு தானாக எக்செல் கோப்பாக வந்து நிற்காது.

விருப்பப் பாடங்கள்

வேலையை நினைத்துத் தேர்ந்தெடுங்கள். புள்ளிவிவரத் துறை போன்ற அரசாங்க வேலைக்கு மாதிரியெடுப்பு, மக்கள்தொகையியல், காலத்தொடர். வங்கி, காப்புறுதிக்கு வாழ்வுக்காலப் பகுப்பாய்வு, பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரிகள், சாஸ். பினாங்கு மின்னணுத் தொழிற்சாலைகளுக்குத் தரக் கட்டுப்பாடு, சோதனை வடிவமைப்பு. மருத்துவ ஆய்வுக்கு வகைசார் தரவு, வாழ்வுக்காலம். முதுகலைக்குப் போகிறவர்கள் மெய்ப் பகுப்பாய்வை (ரியல் அனாலிசிஸ்) எடுத்தே ஆக வேண்டும், அது கசந்தாலும். காப்புறுதிக் கணிப்பாளராக நினைப்பவர்கள் அமெரிக்க ஆக்சுவரி சங்கத்தின் நிகழ்தகவுத் தேர்வை, நிகழ்தகவுப் பரவல்கள் முடிந்த சூட்டோடு எழுதலாம். மூன்று மணி நேரம், 30 பல்தெரிவுக் கேள்விகள். இரண்டு வருடம் கழித்து எழுதுவதானால் பாதியைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

திட்டக் கட்டுரை: தோட்டமே ஆய்வுக்கூடம், ஆனால்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சோதனை வடிவமைப்பு புதிதில்லை. அந்தத் துறையே வயலில் பிறந்தது. 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், உரச் சோதனைகளின் குழப்பத்தைத் தீர்க்கப் போய்த்தான் இன்றைய முறைகளை வகுத்தார். நான்கு உர அளவுகளை ஒரு மலைச்சரிவில் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் அளவை முழுக்கப் பள்ளத்திலும் நான்காவதை மேட்டிலும் போட்டால், விளைச்சல் வித்தியாசம் உரத்தாலா மண்ஈரத்தாலா என்று எவராலும் சொல்ல முடியாது. பள்ளம், நடு, மேடு என்று மூன்று தொகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் நான்கு அளவையும் குலுக்கிப் போடுங்கள். பன்னிரண்டு பாத்திகள், மொத்தக் கட்டின்மை எண் (சுதந்திரமாக மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை) 11. தொகுதிக்கு 2, உரத்துக்கு 3, பிழைக்கு 6. ஆறு என்பது குறைவுதான், இடம் இருந்தால் நான்காவது தொகுதி சேர்த்து ஒன்பதாக்குங்கள். பாத்திகளுக்கு நடுவில் காவல் வரிசை மரங்கள் விடவேண்டும். செம்பனை வேர் பக்கத்துப் பாத்தி உரத்தையும் உறிஞ்சும். ஒன்பது மீட்டர் முக்கோண நடவில் ஒரு ஹெக்டருக்கு 143 மரம்போல வரும். பாத்திக்கு எத்தனை மரம், அதில் எத்தனையை அளப்பது என்று அதை வைத்துக் கணக்கிடலாம்.

இதைப் படித்துவிட்டு இறுதியாண்டுக் கட்டுரைக்குச் செம்பனை உரச் சோதனை நடத்தக் கிளம்பிவிடாதீர்கள். பூங்கொத்து ஆணா பெண்ணா என்று மரத்துக்குள் முடிவாவதற்கும் அந்தக் குலை வெட்டப்படுவதற்கும் நடுவில் இரண்டு ஆண்டுபோல ஓடிவிடும். இன்று போட்ட உரத்தின் முழுப் பலன் உங்கள் பட்டமளிப்புக்குப் பிறகுதான் தெரியும். கைக்கு எட்டுவது ஏற்கெனவே இருக்கும் பதிவுகள்: எடைமேடைச் சீட்டு, தொகுதிவாரி அறுவடைக் கணக்கு, மழை அளவு. அல்லது நாற்றங்காலில் சில மாதத்தில் முடியும் சோதனை. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் மாதாமாதம் வெளியிடும் உற்பத்தி எண்களும் காலத்தொடர் கட்டுரைக்கு நல்ல பொருள். அதில் பிப்ரவரி வழக்கமாகப் பள்ளமாக இருக்கும். 28 நாள்தான் என்பதற்காக நாள் கணக்கில் வகுத்துவிட்டுத்தான் பருவ விளைவைப் பேச வேண்டும்.

தோட்டத்துப் பதிவு வேண்டுமானால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கிராணியைத் (தோட்ட எழுத்தர்) தெரியும், வாயால் சொன்னால் போதும் என்று தொடங்கி, மேலாளர் மாறியதும் கட்டுரை அந்தரத்தில் நிற்பது உண்டு. பல்கலைக்கழகக் கடிதத்தோடு மூன்று மாதம் முன்னதாகவே கேளுங்கள். தொழிலாளர் பெயர், அடையாள அட்டை எண் உள்ள பத்திகளை அங்கேயே நீக்கிவிட்டுக் கோப்பைப் பெறுங்கள்.

பதிவு நாளும் தவறினால் செய்ய வேண்டியதும்

பதிவு திறக்கும் நாளில் சிவப்பு வட்டப் பாடங்களை முதலில் பதியுங்கள், பயிற்சிக் குழுவோடு சேர்த்து. விரிவுரைக்கு இடம் கிடைத்து, கணினிக் கூடக் குழு நிரம்பிப்போனால் அந்தப் பதிவு பாதிதான். இணையம் திணறும் இடத்திலிருந்து பதியாதீர்கள்.

மூன்றாம் நான்காம் வாரத்திலேயே ஒரு பாடம் கைமீறுவது தெரியும். சேர்க்க, நீக்கக் கடைசி நாள் எது, அதற்குப் பிறகு விலகினால் முடிவில் எப்படிப் பதிவாகும் என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். சங்கிலியில் இல்லாத பாடமானால் விலகுவது புத்திசாலித்தனம். சங்கிலியில் உள்ள பாடமானால் அதை விடாமல் மற்றொரு பாடத்தைக் கைவிட்டு நேரம் உண்டாக்குங்கள். தோற்றுவிட்டால் முதல் வேலை கல்வி ஆலோசகரைப் பார்ப்பது. குறுகிய விடுமுறை செமஸ்டரில் அது நடத்தப்படுகிறதா, வேறு துறை நடத்தும் சமமான பாடத்தை ஏற்பார்களா, முன்பாட விதியைத் தளர்த்தி இரண்டையும் ஒன்றாக எடுக்க விடுவார்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவதற்குச் சம்மதம் கிடைத்தாலும் நுண்கணிதத்தில் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

செமஸ்டர் புள்ளி 2.00க்குக் கீழே போனால் கடன் பணம் நிற்கலாம். வீட்டுக்குச் சொல்லத் தயங்கி, கட்டணம் கட்டாமல் பதிவு ரத்தாகும்வரை விடுபவர்கள் இருக்கிறார்கள். மாணவர் நல அலுவலகத்தில் தவணையில் கட்ட மனு கொடுக்க வழி உண்டு, பதிவு முடக்கப்படுவதற்கு முன் போக வேண்டும்.

தொழிற்பயிற்சிக்கு ஐந்தாறு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். ஈப்போவில் புள்ளிவிவரத் துறையின் மாநில அலுவலகம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம், வாடகை மிச்சம். பெரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒரு முறை, கடைசியாக 2020இல் நடந்தது. மற்ற ஆண்டுகளிலும் தொழிலாளர் ஆய்வு, விலைவாசி ஆய்வு ஓடிக்கொண்டே இருக்கும். விண்ணப்பத்தில் தேறிய பாடங்களின் பட்டியலை மட்டும் இணைக்காமல், சொந்தமாகச் செய்த ஒரு பகுப்பாய்வை இரண்டு பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். மேலே சொன்ன வருமானத் தரவே அதற்குப் போதும்.